3608528850368400786036725: இதுக்கு 26வது டிஜிட் ஏன் கிடையாது?

எண்பித்தன் எழுதியது:
வணக்கம் மக்களே. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு நம்பர் பத்தி இங்க ஒரு இழை ஆரம்பிக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. முதல்ல அதோட தம்பிய சொல்லிடறேன், 381654729. அதாவது 38 கோடியே 16 லட்சத்து 54 ஆயிரத்து 729. இதுல 1லேர்ந்து 9 வரைக்கும் எல்லா டிஜிட்டும் ஒரே ஒரு தடவ வருது. இப்ப இடது பக்கத்துலேர்ந்து வெட்டிப் பாருங்க. 38ஐ 2 வகுக்கும், 381ஐ 3 வகுக்கும் (127), 3816ஐ 4 வகுக்கும் (954), 38165ஐ 5, 381654ஐ 6, 3816547ஐ 7 (சரியா 545221), 38165472ஐ 8, முழுசா ஒம்போது டிஜிட்டையும் 9 வகுக்கும். கடைசில ஒரு 0 போட்டா 10ம் வகுக்கும். 1லேர்ந்து 9ஐயும் எப்படி மாத்தி மாத்தி அடுக்கினாலும் மொத்தம் 362880 வரிசை, அதுல இந்த குணம் இருக்கறது இது ஒண்ணுக்கு மட்டும் தான்.

டிஜிட் திரும்ப வரக்கூடாதுங்கற கண்டிஷன எடுத்துட்டா எவ்ளோ தூரம் போகலாம்? 25 டிஜிட் வரைக்கும். தலைப்புல இருக்கறது தான் அது, 3608528850368400786036725. முதல் n டிஜிட்ட n வகுக்கும், 1லேர்ந்து 25 வரைக்கும் எங்கயும் தவறாது. 26 டிஜிட்ல இந்த மாதிரி ஒரு நம்பர் கூட கிடையாது. இங்கிலீஷ்ல பாலிடிவிசிபிள் நம்பர்னு சொல்வாங்க. ஏன் 25ல நிக்குது, அதுக்கு ஒரு காரணம் இருக்கா இல்ல சும்மா அப்படி அமைஞ்சதா, இத பத்தி பேசலாம் வாங்க.

தேன்மொழி88 எழுதியது:
முதல் ஏழு டிஜிட் 3608528, ஏழால வகுத்தேன், 515504 மீதி இல்லாம வருது!! பதினோரு டிஜிட்டுக்கு 36085288503, ஒண்ணு விட்டு ஒண்ணு கூட்டிக் கழிச்சா 0 வருது, சோ அதுவும் ஓகே. அதுக்கு மேல கால்குலேட்டர் கைவிட்டுடுச்சு.

என் கேள்வி முதல் நம்பர் பத்தி. 381654729 மட்டும் தான் ஒரே விடைன்னு எப்படி அவ்ளோ உறுதியா சொல்றீங்க, 362880 வரிசையையும் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்ததா இல்ல பேப்பர்லயே காட்ட முடியுமா?

கணக்கு_வாத்தியார் எழுதியது:
பேப்பர்லயே முடியும்மா, அரை பக்கம் போதும். எட்டாம் கிளாஸ் பசங்களுக்கு வகுபடும் விதி நடத்தி முடிச்சதும் நான் குடுக்கற கணக்கு இது தான், ஏன்னா அந்த விதி அத்தனையும் இந்த ஒரே கணக்குல வேலைக்கு வரும்.

5வது இடம் 5 தான், 0 இல்லாததால வேற வழியில்ல. 2, 4, 6, 8வது இடங்கள்ல இரட்டைப்படை வரணும், இருக்கறதே நாலு இரட்டைப்படை, சோ மிச்ச இடங்கள் 1, 3, 7, 9க்கு. இப்ப 4வது இடத்த பாருங்க, அதுக்கு முன்னாடி இருக்கறது ஒற்றைப்படை, கடைசி ரெண்டு டிஜிட் 4ஆல வகுபடணும்னா 4வது இடத்துல 2 இல்லன்னா 6 தான் வர முடியும். 8வது இடமும் அதே கதை, 6வது இடம் இரட்டைப்படைங்கறதால நூறாம் இடம் தானா 8ஆல வகுபட்டுடும், மிச்ச ரெண்டு டிஜிட் 16, 32, 72, 96 இதுல ஒண்ணா இருக்கணும் (56 வராது, 5 ஏற்கனவே போயிடுச்சு). ஆக 2ம் 6ம் 4வது 8வது இடத்துக்கு, 4ம் 8ம் 2வது 6வது இடத்துக்கு. பாதி வேலை முடிஞ்சுது.

அடுத்தது 3. முதல் மூணு டிஜிட்டும் 3ஆல வகுபடும், முதல் ஆறும் 3ஆல வகுபடும், அப்ப நடுவுல இருக்கற 4, 5, 6வது இடங்களோட கூட்டுத்தொகையும் 3ஆல வகுபட்டாகணும். 2+5+8 = 15 சரி, 6+5+4 = 15 சரி, 2+5+4ம் 6+5+8ம் தப்பு. ரெண்டே ரெண்டு வழி தான் இப்ப.

முதல் வழி, நடுவுல 258. 2வது இடம் 4, 8வது இடம் 6. முதல் மூணோட கூட்டு 3ஆல வகுபட 1வது 3வது இடங்கள்ல 1ம் 7ம் தான் வரணும், 96க்காக 7வது இடம் 9. கிடைக்கறது 1472589, 7412589 ரெண்டும் தான். 7ஆல வகுத்தா மீதி 6, மீதி 2. அவுட்.

ரெண்டாவது வழி, நடுவுல 654. 2வது இடம் 8, 8வது இடம் 2, 7வது இடம் 3 அல்லது 7. இதுல எட்டு நம்பர் தேறும்: 1836547, 3816547, 1896543, 9816543, 1896547, 9816547, 7896543, 9876543. எட்டையும் 7ஆல வகுங்க, மீதி முறையே 6, 0, 5, 2, 2, 6, 4, 5. பூஜ்யம் ஒரே ஒரு இடத்துல. 3816547, அப்புறம் 2, கடைசியா மிஞ்சின 9. முடிஞ்சுது.

மொத்தம் பத்து நம்பர கையால வகுத்தா போதும், 362880 எல்லாம் தேவையே இல்ல. 7க்கு மட்டும் தான் சுலபமான விதி எதுவும் உதவல பாருங்க, அது தான் கடைசில தீர்ப்பு சொல்லுது.

தேன்மொழி88 எழுதியது:
சார் சூப்பர்!! இப்பவே நோட்டுல எழுதிப் பாத்தேன், அப்படியே வருது. 9க்கு தனியா எதுவும் செய்யவே இல்லயே? ஓ, 1லேர்ந்து 9 வரை கூட்டினா 45, அது தானா வகுபடும்.

நேர்கோடு எழுதியது:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், எனக்கு ஒரு நேர்மையான மறுப்பு இருக்கு. இந்த மாதிரி நம்பர் எல்லாம் நாம பத்தை அடிமானமா வெச்சு, அதாவது 0லேர்ந்து 9 வரைக்கும் பத்து டிஜிட்டால, எழுதறதால வர்றது. நமக்கு விரல் பத்து, அவ்ளோ தான். ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டி 1940ல எழுதின புத்தகத்துலயே இத பத்தி சொல்லியிருக்கார். 8712 = 4 × 2178, 9801 = 9 × 1089, நாலு டிஜிட்ல தன்னைத் திருப்பிப் போட்டதோட மடங்கா இருக்கறது இந்த ரெண்டு தான். அதே மாதிரி 153, 370, 371, 407 இந்த நாலும் தன்னோட டிஜிட்டுகளோட கனங்கள கூட்டினா தானே வரும், உதாரணத்துக்கு 1 + 125 + 27 = 153. இதெல்லாம் புதிர்ப் பக்கத்துக்கு நல்லா இருக்கும், கணித அறிஞர கவர்ற மாதிரி இதுல ஒண்ணும் இல்லன்னு அவர் சொல்றார். 1729ஐ பாருங்க, 1ம் 12ம் கனம் பண்ணிக் கூட்டினாலும் சரி 9ம் 10ம் கனம் பண்ணிக் கூட்டினாலும் சரி அதே தான், எந்த அடிமானத்துல எழுதினாலும் அந்த உண்மை மாறாது. உங்க 25 டிஜிட் நம்பர வேற அடிமானத்துல எழுதினா அதோட குணம் போயிடும். அப்ப இது நம்பரோட குணமா, நாம எழுதற முறையோட குணமா?

எண்பித்தன் எழுதியது:
நியாயமான கேள்வி தான் நேர்கோடு, அத தட்டிக்கழிக்க மாட்டேன். அந்த ஒரு நம்பரோட குணம் பத்தாம் அடிமானத்தோட சேர்ந்தது, ஒத்துக்கறேன். ஆனா "இது ஏன் ஒரு கட்டத்துல நின்னுடுது"ங்கற கேள்வி அப்படி இல்ல, எந்த அடிமானத்துல ஆரம்பிச்சாலும் அதே கதை தான் நடக்கும், எனக்கு அதுல தான் உயிரே இருக்கு.

இப்படி யோசிங்க. n டிஜிட் நல்ல நம்பர் (அதாவது பாலிடிவிசிபிள் நம்பர்) ஒண்ணு கையில இருக்கு, அதோட வாலுல 0லேர்ந்து 9 வரைக்கும் பத்து டிஜிட்ல ஒண்ண ஒட்டலாம். பத்தும் அடுத்தடுத்த நம்பர். அடுத்து வகுக்க வேண்டியது 4ன்னா அடுத்தடுத்த பத்து நம்பர்ல ரெண்டோ மூணோ கண்டிப்பா 4ஆல வகுபடும். 5ன்னா சரியா ரெண்டு. 10ன்னா சரியா ஒண்ணு, அந்த 0. அதனால பத்து டிஜிட் வரைக்கும் எந்தக் கிளையும் சாகாது, எப்படிப் போனாலும் அடுத்த படிக்கு வழி உண்டு. 11லேர்ந்து தான் ஆபத்து. அடுத்தடுத்த பத்து நம்பர்ல 11ஓட மடங்கு ஒண்ணு இருக்கலாம், இல்லாமயும் போகலாம். 20ல சராசரியா பாதி செத்துடும், 25ல அஞ்சுல ரெண்டு தான் தப்பிக்கும்.

ஆக n டிஜிட்ல எத்தன இருக்கும்னு தோராயமா கணக்கு போடலாம். n டிஜிட் நம்பர் மொத்தம் எத்தனையோ அத எடுத்து 1×2×3×...×n ஆல வகுங்க. 10 டிஜிட்டுக்கு 900 கோடிய 3628800 ஆல வகுத்தா 2480. எண்ணிப் பாத்தா நெஜமா இருக்கறது 2492! இவ்ளோ கிட்ட வரும்னு நான் எதிர்பாக்கவே இல்ல. 24 டிஜிட்டுக்கு தோராயம் 1.45, நெஜம் 3. 25க்கு தோராயம் 0.58, நெஜம் 1. ஒண்ணுக்கு கீழ இறங்கற இடத்துல தான் நெஜ எண்ணிக்கையும் முடியுது. 25ங்கறது சும்மா அமைஞ்சது இல்ல, கிட்டத்தட்ட அங்க தான் முடிஞ்சாகணும்.

இன்னொண்ணு. எல்லா நீளத்துக்கும் இந்தத் தோராயத்த கூட்டினா என்ன வரும்னு பாருங்க. மேல பத்தோட அடுக்கு, கீழ தொடர் பெருக்கல், இந்தத் தொடர எங்கயோ பாத்திருக்கோம் இல்ல? 2.71828ங்கற மாறிலிய பத்து தடவ பெருக்கினா வர்ற 22026ஓட தொடர் தான் இது. அதுல 1 கழிச்சு 0.9ஆல பெருக்கினா கிட்டத்தட்ட 19823. முழு எண்ண வாலுல ஒட்டி ஒட்டி விளையாடற விளையாட்டுல இந்த மாறிலி வந்து நிக்குது. ஹார்டி சொன்ன 8712ல இந்த மாதிரி உள்ள ஒரு இயக்கம் எனக்குத் தெரியல, இதுல தெரியுது.

பைட்_மணி எழுதியது:
நான் ப்ரோக்ராம் எழுதி ஓட்டினேன், லிஸ்ட் இதோ. 1 டிஜிட்லேர்ந்து வரிசையா: 9, 45, 150, 375, 750, 1200, 1713, 2227, 2492, 2492, 2225, 2041, 1575, 1132, 770, 571, 335, 180, 90, 44, 18, 12, 6, 3, 1. மொத்தம் 20456. எண்பித்தன் சொன்ன 19823க்கு நூத்துக்கு மூணு தான் வித்தியாசம்.

எழுதறது ரொம்ப ஈஸி, ஒரு லிஸ்ட்ல 1லேர்ந்து 9 போட்டுக்கோங்க, ஒவ்வொரு சுத்துலயும் லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொண்ணையும் பத்தால பெருக்கி 0லேர்ந்து 9 கூட்டி n ஆல மீதியில்லாம போனா புது லிஸ்ட்ல போடுங்க, லிஸ்ட் காலியானா நிறுத்துங்க. கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுடும், ஏன்னா எந்த நேரத்துலயும் லிஸ்ட்ல 2492க்கு மேல இருக்கவே இருக்காது. சி மொழியில எழுதறவங்க மட்டும் கவனம், 64 பிட்ல அதிகபட்சம் 18446744073709551615 வரைக்கும் தான், அது 20 டிஜிட், அதுக்கு மேல போனா எர்ரர் எதுவும் காட்டாம தப்பான விடை வந்துடும். பைத்தான்ல அந்தத் தொல்லையே இல்ல. சி மொழியிலயே தான் எழுதணும்னா டிஜிட்டுகள அரேல வெச்சுட்டு, பள்ளிக்கூடத்துல நீள வகுத்தல் போடற மாதிரி மீதிய மட்டும் இழுத்துட்டு வாங்க.

லிஸ்ட்ல 9க்கும் 10க்கும் ஒரே எண்ணிக்கை வர்றத பாத்தீங்களா, எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு 0 ஒட்டுது, அவ்ளோ தான். பத்துலேர்ந்து பதினொண்ணுக்குப் போறப்ப 267 கிளை செத்துப் போகுது, முதல் பலி அங்க தான்.

நேர்கோடு எழுதியது:
சரி, 2.71828 வந்தது எனக்கும் பிடிச்சிருக்கு, மறைக்க மாட்டேன். ஆனா ஒண்ணு, தோராயம் நிரூபணம் ஆகாது. 0.58ன்னு வந்த இடத்துல 1 இருக்கு, அப்ப 26க்கு தோராயம் 0.22ன்னு வெச்சுக்கிட்டா அங்கயும் ஒண்ணு இருந்திருக்கலாமே? ஏன் இல்ல?

கணக்கு_வாத்தியார் எழுதியது:
அதுக்கு தோராயம் பதில் சொல்லாது, நேரா கையால பாத்துடலாம். கடைசி ரெண்டு படி மட்டும் போதும், ரொம்ப அழகா இருக்கும்.

24 டிஜிட்ல மூணே மூணு பேரு தான் உயிரோட இருக்காங்க:

144408645048225636603816
360852885036840078603672
402852168072900828009216

இதுல ஒரு டிஜிட் ஒட்டி 25ஆல வகுபட வைக்கணும். 25ஆல வகுபடணும்னா கடைசி ரெண்டு டிஜிட் 00, 25, 50, 75 இதுல ஒண்ணு. முதலாவதும் மூணாவதும் 6ல முடியுது, 6ல ஆரம்பிக்கற ஜோடி அந்த நாலுல இல்லவே இல்ல, ரெண்டும் அங்கயே க்ளோஸ். நடுவுல இருக்கறது மட்டும் 2ல முடியுது, அதுக்கு 5 ஒட்டினா 25. அது தான் நம்ம ஆளு.

இப்ப 26. நம்பர வலது பக்கத்துலேர்ந்து மூணு மூணா பிரிங்க: 3 / 608 / 528 / 850 / 368 / 400 / 786 / 036 / 725. 7 × 11 × 13 = 1001ங்கறதால மூணு மூணா மாத்தி மாத்திக் கூட்டிக் கழிச்சா 13ஆல வர்ற மீதி தெரிஞ்சுடும். 725 − 36 + 786 − 400 + 368 − 850 + 528 − 608 + 3 = 516. 516ஐ 13ஆல வகுத்தா மீதி 9. நம்ம நம்பர் ஒற்றைப்படை, 9ம் ஒற்றைப்படை, சோ 26ஆல வகுத்தாலும் மீதி 9 தான். இப்ப வாலுல டிஜிட் ஒட்டணும்னா முதல்ல பத்தால பெருக்கறோம், மீதி 90, அதுல 78 போனா 12. 26 ஆகறதுக்கு இன்னும் 14 வேணும். ஒத்த டிஜிட்ல அதிகபட்சம் 9 தான் குடுக்க முடியும். அவ்ளோ தான், 14ங்கற டிஜிட் இல்லாததால கதை முடியுது.

26 டிஜிட்ல எந்த நல்ல நம்பர் இருந்தாலும் அதோட முதல் 25 டிஜிட்டும் நல்ல நம்பரா இருந்தாகணும், அந்த மாதிரி இருக்கறது இது ஒண்ணு தான், இதுவும் நீளாது. சோ 26 மட்டும் இல்ல, 27, 100, 1000 எதுலயும் கிடையாது. நேர்கோடு கேட்ட நிரூபணம் இது தான், பைட்_மணியோட லிஸ்ட் காலியாகறதும் இதே தான்.

தேன்மொழி88 எழுதியது:
14ங்கற டிஜிட் இல்லாததால... அப்ப அடிமானத்த பெருசாக்கினா? 16ம் அடிமானத்துல 14ங்கறது ஒரு டிஜிட் தானே?

எண்பித்தன் எழுதியது:
அந்த அடிமானத்துல நம்பரே வேறயா இருக்கும், இதே டிஜிட் வரிசைய எடுத்துட்டுப் போக முடியாது. ஆனா யோசனை சரி, அடிமானம் பெருசாக பெருசாக கிளையும் நீளமா போகும், ஏன்னா ஒட்டறதுக்கு அதிக டிஜிட் இருக்கு.

381654729 மாதிரி எல்லா டிஜிட்டும் ஒரே தடவ வர்ற வகைய மத்த அடிமானத்துல தேடினா இன்னும் சுவாரஸ்யம். 4ம் அடிமானத்துல 123, 321 ரெண்டும் வரும். (123ன்னா நம்ம கணக்குல 16 + 8 + 3 = 27, 3 வகுக்கும், முதல் ரெண்டு டிஜிட் 6, அதை 2 வகுக்கும்.) 6ல 14325ம் 54321ம். 8ல மூணு, 3254167, 5234761, 5674321. பத்துல நம்ம ஒத்த நம்பர். 12ல ஒண்ணு கூட இல்ல! 14ல திரும்ப ஒண்ணு முளைக்குது. அதுக்கு மேல தேடின வரைக்கும் எதுவும் சிக்கல.

பைட்_மணி எழுதியது:
ஒற்றைப்படை அடிமானம் ஒண்ணு கூட லிஸ்ட்ல இல்லயே, ஏன்?

நேர்கோடு எழுதியது:
இதுக்கு நான் பதில் சொல்றேன். பத்தாம் அடிமானத்துல 9ஆல வர்ற மீதி டிஜிட் கூட்டுத்தொகைய வெச்சு வருது இல்லயா, அதே மாதிரி எந்த அடிமானத்துலயும் அதுக்கு ஒண்ணு கம்மியான நம்பருக்கு அந்த விதி பொருந்தும். அடிமானம் 7ன்னு வெச்சுக்குங்க, டிஜிட்டுகள் 1லேர்ந்து 6, கூட்டினா 21. ஆறு டிஜிட்டும் சேர்ந்து 6ஆல வகுபடணும், ஆனா 21ஐ 6 வகுக்காது, மீதி 3. எந்த ஒற்றைப்படை அடிமானம் எடுத்தாலும் சரியா பாதி மீதி நிக்கும், 9ன்னா 36ஐ 8ஆல வகுத்தா 4, 11ன்னா 55ஐ 10ஆல வகுத்தா 5. டிஜிட்டுகள எப்படி அடுக்கினாலும் கூட்டுத்தொகை மாறாது, அதனால ஒற்றைப்படை அடிமானத்துல என்னைக்கும் கிடையாது. இது எல்லா அடிமானத்துக்கும் பொதுவான உண்மை, இதத் தான் நான் கேட்டேன்.

கோபி_எண்கள் எழுதியது:
இதே மாதிரி ஒரு சொந்தக்காரர் இருக்கார், 357686312646216567629137. 24 டிஜிட் பகா எண். இத இடது பக்கத்துலேர்ந்து ஒவ்வொரு டிஜிட்டா வெட்டிட்டே வாங்க, ஒவ்வொரு கட்டத்துலயும் மிஞ்சறது பகா எண் தான், கடைசில 9137, 137, 37, 7 வரைக்கும். 0 இல்லாம இந்த வகைல மொத்தம் 4260 நம்பர், இது தான் பெருசு. வலது பக்கத்துலேர்ந்து வெட்டினா 83 தான், பெருசு 73939133, எட்டே டிஜிட். ஏன் இவ்ளோ வித்தியாசம்னா, வலது பக்கம் ஒட்டறப்ப 1, 3, 7, 9 நாலு டிஜிட் தான் ஆகும், இரட்டைப்படையோ 5ஓ ஒட்டினா பகா எண் இல்லாம போயிடும். இடது பக்கம் ஒட்டறப்ப ஒம்போது டிஜிட்டும் முயற்சி பண்ணலாம். இங்கயும் எண்பித்தன் சொன்ன அதே இயக்கம் தான், டிஜிட் கூடக் கூட பகா எண்கள் அரிதாகிட்டே போகும், ஒட்டற டிஜிட்டோ அதே ஒம்போது தான், ஒரு கட்டத்துல கிளை எல்லாம் காஞ்சுடும்.

தேன்மொழி88 எழுதியது:
அந்த 14ம் அடிமான நம்பர யாராவது முழுசா போடுங்களேன், கையால சரி பாக்கணும்.

எண்பித்தன் எழுதியது:
டிஜிட்டுகள் வரிசையா: 9, 12, 3, 10, 5, 4, 7, 6, 11, 8, 1, 2, 13. ஒவ்வொரு படியிலயும் முந்தின விடைய 14ஆல பெருக்கி அடுத்த டிஜிட்ட கூட்டிட்டே போங்க. 9 × 14 + 12 = 138, 2 வகுக்கும். 138 × 14 + 3 = 1935, மூணால 645. அடுத்தது 27100, நாலால 6775. அடுத்தது 379405, அஞ்சு வகுக்கும்னு பாத்தாலே தெரியும். அடுத்தது 5311674, ஆறால 885279. ஏழாவது படிக்கு வகுத்தே பாக்க வேணாம், 14ஆல பெருக்கி 7 கூட்டறோம், தானா வகுபடும். கடைசிப் படி 13க்கும் வகுக்க வேணாம், 1லேர்ந்து 13 வரை கூட்டினா 91, அது 7 × 13. நடுவுல 8லேர்ந்து 12 வரைக்கும் அஞ்சு படி இருக்கு, அத நீங்க போட்டு இங்க எழுதுங்க, 11ஆவது படிய மட்டும் ரெண்டு தடவ சரி பாருங்க.